வன்னி மேய்ச்சல் தரையில் மண், நீர், உயிர்ச்சூழல் ஆய்வு: ஒரு வருடத்துக்கான முழு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் மேய்ச்சல் தரையை ஆய்வு செய்ய வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பைகளில் மண் அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். எண்கள் கைக்கு வந்த பிறகுதான் இந்த மண் எந்தக் கேள்விக்கு விடை என்ற யோசனை வருகிறது. அதற்குள் மழை இறங்கிவிடும், மாட்டுப் பட்டி வேறிடம் போய்விடும். விட்ட அளவீட்டைத் திரும்ப எடுக்க அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் கருவிகளைவிட வரிசைக்குத்தான் முதலிடம். இறுதியாண்டு ஆய்வு செய்யும் மாணவருக்கும், தன் காணியைத் துண்டுகளாக அடைத்து மாற்றி மாற்றி மேய்த்துப் பார்க்கும் பண்ணையாளருக்கும் இது பொருந்தும். விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு முழு வருடம் வேண்டும், அதில் எந்த அவசரமும் உதவாது.

1. கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

"மேய்ச்சல் தரையின் நிலையை ஆராய்தல்" என்பது தலைப்பு. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "மூன்று வாரம் ஓய்வு கொடுத்து மேய்க்கும் துண்டில், எந்நேரமும் மாடு நிற்கும் பக்கத்துத் தரவையைவிட (திறந்த மேய்ச்சல் வெளியைவிட) மழைத் தண்ணீர் வேகமாக மண்ணுக்குள் இறங்குகிறதா?" என்று கேட்டால் எங்கே, எதை, எப்போது அளப்பது என்று அந்த வசனமே சொல்லிவிடும்.

மண்ணுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, புல்லுக்கும் உயிரினங்களுக்கும் ஒன்று என மூன்று கேள்விகள் போதும். நான்காவது கேள்வியைச் சேர்த்தவர்கள் மார்கழி மழையில் மூன்றையும் அரைகுறையாக விட்டதைத்தான் கண்டிருக்கிறேன்.

2. எதையும் அளக்கு முன் பட்டியோடு நடவுங்கள்

இதைத் தவிர்த்தால் பின்னால் செய்யும் எல்லாமே ஆடும். குறைந்தது மூன்று நாட்கள், விடிய மாடு அவிழ்க்கும் நேரத்திலிருந்து பொழுதுபடப் பட்டி அடைக்கும் வரை, பட்டிக்காரரோடு நடவுங்கள். கையில் ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும்.

ஏன் என்றால், வன்னியில் மாடு ஒரே இடத்தில் மேய்வதில்லை. காலபோக (மாரி மழை நெல்) விதைப்புத் தொடங்கியதும் வயலிலிருந்து மாட்டை வெளியே எடுத்துக் காட்டோரத்துக்கும் தரவைக்கும் கொண்டுபோவார்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அதே மாடு வயலில் அரிதாள் மேயும். கோடை முற்றிக் குளம் வற்றும்போது அலைகரையில் (தண்ணீர் வடிந்த குள ஓரத்தில்) முளைக்கும் பச்சைக்கு இறங்கும். நீங்கள் ஆவணியில் போய்ப் பார்த்து "இங்கே மேய்ச்சல் அழுத்தம் குறைவு" என்று எழுதும் தரவையில் கார்த்திகையில் நானூறு மாடு நிற்கலாம்.

நடக்கும்போது இவற்றைக் குறியுங்கள்: மாடு தண்ணீர் குடிக்கும் இடங்கள், மதிய வெயிலுக்குப் படுக்கும் மரநிழல், தினமும் போய்வரும் ஒற்றையடித் தடம், பட்டி அடைக்கும் இடம், போன வருடம் பட்டி அடைத்த இடம், மாடு வாய் வைக்காமல் விலகிப்போகும் செடிகள். கடைசியில் சொன்னதைப் பட்டிக்காரரிடம் பெயர் கேட்டே எழுதுங்கள். தகரையும் காவிளாயும் எங்கே கூடி நிற்கின்றன என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மாடு நல்ல புல்லைக் கரம்பிக் கரம்பி, தின்னாததை மட்டும் மிச்சம் விட்ட இடம் அது.

என் முதலாவது வேலையில், ஒரு பாலை மரத்தின் கீழே கறுத்த, பொலபொலவென்ற மண்ணைக் கண்டு மாதிரி எடுக்கக் குனிந்தேன். கூட வந்த முதியவர் தடியை நீட்டி மறித்தார். "தம்பி, உது மாடு படுக்கிற இடம். உதில எடுத்தா எருவைத்தான் சோதிப்பியள்." சாணமும் சலமும் ஊறி ஊறி அந்த வட்டத்தில் மட்டும் மண் அப்படி இருந்தது. இருபது அடி தள்ளிப்போனால் காலுக்குக் கீழே சிவப்புத் தரை கல்லாகக் கிடந்தது. அந்த மண்ணைப் பையில் போட்டிருந்தால் முழுத் தரவைக்கும் பொய்யான எண் எழுதியிருப்பேன்.

அவர்களுடைய நாளை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்த நாளுக்கான கூலியை ஆய்வுச் செலவில் முதலே ஒதுக்கி வையுங்கள்.

3. அனுமதியும் பாதுகாப்பும்

வன்னியில் மண் தோண்டுவது வேறு இடத்தில் தோண்டுவது போலல்ல. போர் முடிந்தது 2009இல். மிதிவெடி அகற்றும் வேலை அதன் பிறகும் நீண்ட காலம் தொடர்கிறது. துளையிடப் போகும் ஒவ்வோர் இடமும் விடுவிக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மாடு நடக்கிறது, ஆகவே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். மாட்டின் குளம்பு மேலால் போகும், உங்கள் அலவாங்கு உள்ளே போகும். இரும்போ பொலித்தீன் சுற்றிய பொருளோ தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, வந்த காலடி வழியே திரும்பி, பொலிஸுக்கு அறிவியுங்கள். தொட வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போகவும் வேண்டாம்.

காணி யாருடையது என்பதை வாய்ச் சொல்லில் விடாதீர்கள். தரவை என்று ஊர் சொல்லும் இடம் வன இலாகாவின் எல்லைக் கல்லுக்கு உள்ளே இருக்கலாம், குளத்துக்குரிய ஒதுக்கு நிலமாகவும் இருக்கலாம். எழுத்து அனுமதி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஆடியிலேயே கடிதம் கொடுங்கள். கமக்காரர் அமைப்புக்கும் கால்நடை வளர்ப்போர் சங்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பயிருக்குள் மாடு இறங்குவது பற்றி இரு பக்கத்துக்கும் இடையில் கசப்பு உள்ள ஊர்கள் இருக்கின்றன. ஒருவரிடம் மட்டும் பேசினால் மற்றவர் உங்களை அந்தப் பக்கத்து ஆளாக எடுத்துக்கொள்வார்.

முழங்கால் வரை சப்பாத்து, நீளக் காற்சட்டை கட்டாயம். சுருட்டை விரியன் காய்ந்த தரையின் நிறத்திலேயே படுத்திருக்கும். மழைக்காலத்தில் காயத்தோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் ஆபத்து. குளத்தில் இறங்குமுன் முதலை உண்டா என்றும், காட்டோரத்துக்கு விடிய வெள்ளெனப் போகுமுன் யானை நிற்கிறதா என்றும் ஊரில் கேளுங்கள்.

4. முதலே சேர்த்து வைக்க வேண்டியவை

அலவாங்கு, மண்வெட்டி, மரச் சுத்தியல், ஒரு பலகைத் துண்டு. உள்விட்டம் 15 சென்ரிமீற்றர் உள்ள, 12 முதல் 15 சென்ரிமீற்றர் உயரமான இரும்பு வளையம் மூன்று. உள்விட்டம் 5, உயரம் 5 சென்ரிமீற்றர் உள்ள சிறிய இரும்புக் குழாய்த் துண்டுகள் பத்து. வெல்டிங் கடையில் சொன்னால் வெட்டி, ஒரு பக்க ஓரத்தைத் தீட்டித் தருவார்கள். ஓரம் தீட்டாத வளையம் இறங்கும்போது மண்ணை நெரித்துவிடும்.

இவற்றோடு கம்பியால் செய்த 50 க்கு 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம், அளவு நாடா, கிராம் காட்டும் தராசு, 2 மில்லிமீற்றர் அரிதட்டு, அளவுச் சாடி, மழைமானி, உப்புத்தன்மையும் அமிலத்தன்மையும் காட்டும் கைமானி ஆகியவை வேண்டும். கைமானியைக் களத்துக்குப் போகும் ஒவ்வொரு காலையும் அளவுத்திரவத்தில் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத மானி தரும் எண்ணைவிட எண் இல்லாமல் இருப்பது நல்லது.

மண்ணுக்குப் புதிய பொலித்தீன் பைகளையே வாங்குங்கள். யூரியா பையைக் கழுவி மண் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு கழுவினாலும் தையலுக்குள் உரம் இருக்கும், தழைச்சத்து எண் ஏறி நிற்கும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதி ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வையுங்கள். ஈர மண்ணில் பேனை மை கரைந்து, வீட்டுக்கு வந்தபோது எட்டுப் பையும் ஒரே பை ஆகிவிடும்.

5. நாட்காட்டியைப் போடுங்கள்

வன்னியில் வருட மழையின் பெரும் பங்கு ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை விழுகிறது. சித்திரையை ஒட்டிச் சிறிது பெய்யும். பிறகு சோளகக் காற்று வீசும் நீண்ட வறட்சி. வேலைகளை அந்த ஓட்டத்துக்குப் பொருத்த வேண்டும்.

ஆடி, ஆவணியில் நடைப் பயணமும் அனுமதியும். புரட்டாதியில், முதல் மழைக்கு முன், கிணறு, குளம், மடு எல்லாவற்றின் நீர்மட்டத்தையும் எடுங்கள். வருடத்தில் மிகத் தாழ்ந்த மட்டம் அப்போதுதான் கிடைக்கும், அதைத் தவறவிட்டால் ஒப்பிட அடிக்கோடு இருக்காது. மழைமானியும், மாடு வாய் வைக்காதபடி புல்லை மறிக்கும் அடைப்புக் கூடுகளும் அதே மாதத்தில் நிலத்தில் நிற்க வேண்டும்.

மண்ணைத் தை கடைசியிலோ மாசியிலோ எடுங்கள். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் இறுகிவிடும், வளையம் இறங்காது, அடித்தால் மண் நொறுங்கும். மழைக்குள் எடுத்தால் சேறாகப் பிசைந்து நெரியும். மழை விட்டு ஒரு வாரம் கழித்து, கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதம்தான் சரியான பதம். புல்லின் நிறையையும் இனங்களையும் அதே நாட்களில் எடுக்கலாம். வைகாசி, ஆவணி என மேலும் இரு முறை புல், நிலமூடல் (தரையை எது மூடியிருக்கிறது என்ற அளவு), நீர் ஆகியவற்றை மட்டும் திரும்ப அளவுங்கள்.

6. மேய்ச்சல் கொப்பி

எந்தத் துண்டில், எந்தத் தேதியில், எத்தனை மாடு, எத்தனை எருமை, எத்தனை ஆடு, எத்தனை மணி நேரம். இதைப் பட்டிக்காரரே எழுதினால் நல்லது. எழுத விருப்பமில்லாவிட்டால் போனில் குரலாகச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பூச்சிமருந்து கொடுத்த நாளும் இதில் வர வேண்டும். ஐவர்மெக்ரின் வகை மருந்து சாணியோடு வெளியேறிச் சாணி வண்டுகளின் புழுக்களைக் கொல்லும். கொப்பியில் அந்தத் தேதி இல்லாவிட்டால் வண்டு குறைந்ததற்குக் காரணத்தை மண்ணில் தேடுவீர்கள்.

எண்ணிக்கை திடீரென மாறுவதும் உண்டு. 2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரிலும் மழையிலும் வடக்கு, கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. அப்படி ஒரு கிழமைக்குப் பிறகு புல் உயரமாக நின்றால் அது ஓய்வு முறையின் வெற்றி ஆகாது. அன்றைக்கு ஒதுங்க மரமோ கொட்டிலோ எங்கே இருந்தது என்பதையும் கொப்பியில் சேருங்கள். மேய்ச்சல் தரையில் மரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

7. இடங்களைச் சோடியாகத் தெரிவு செய்தல்

பராமரித்து மேய்க்கும் துண்டு ஒன்று, கட்டுப்பாடின்றி மேயும் துண்டு ஒன்று. இரண்டும் ஒரே மண், ஒரே சரிவு, குளத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இதுதான் ஒரு சோடி. இப்படிக் குறைந்தது மூன்று சோடி வேண்டும், ஐந்து இருந்தால் நல்லது. ஒரே துண்டில் இருபது இடத்தில் மண் எடுத்தாலும் கணக்கில் அது ஒரு துண்டுதான். இதை விளங்காமல் "20 மாதிரிகள்" என்று எழுதிய அறிக்கைகள் பல.

மண் ஒன்றுதானா என்று பார்க்க ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். வன்னியில் மேட்டில் செங்கபில மண்ணும், அதே சரிவில் இறங்கி வயல் பக்கம் போனால் நீர் தேங்கிச் சாம்பல் நிறமான மண்ணும் இருக்கும், இரண்டுக்கும் இடையில் சில நூறு மீற்றர்தான். முருங்கன் பக்கம் வெடிக்கும் கருமண், மன்னார்ப் பெருநிலத்தின் வேறு இடங்களில் ஆழமான சிவப்பு மணல் கலந்த மண், கடற்கரையோரம் வெறும் மணல். மேட்டு நிலத்தில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகச் சோடி சேர்த்தால் மேய்ச்சலின் வித்தியாசத்தை அளப்பதாக நினைத்துச் சரிவின் வித்தியாசத்தை அளப்பீர்கள். இந்தப் பிழையைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அறிக்கை எழுதி முடிந்த பிறகு இதைத் திருத்தவும் முடியாது.

ஒவ்வொரு துண்டிலும் 50 மீற்றர் நேர்கோடு ஒன்று. இரு முனையிலும் சீமெந்துக் கல் புதையுங்கள். தடி நட்டால் மாடு உரசி விழுத்தும், மிச்சத்தை விறகுக்கு எடுத்துவிடுவார்கள். போனின் ஜிபிஎஸ் சில மீற்றர் தவறும், மரத்தின் கீழே இன்னும் கூட. ஆகவே கல்லிலிருந்து அருகிலுள்ள இரண்டு பெரிய மரங்களுக்கு நாடாவால் தூரம் அளந்து எழுதி வையுங்கள். குடிநீர் இடம், பட்டி, படுக்கும் நிழல் மூன்றிலிருந்தும் கோடு 50 மீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

8. மண்

மாதிரி எடுத்தல். கோட்டின் இரு பக்கமும் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில், 0 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில், சம அளவாக எடுத்து ஒரு வாளியில் கலக்குங்கள். மேய்ச்சலின் பாதிப்பு மேல் மண்ணிலேயே முதலில் தெரியும், ஆகவே ஆழத்தைக் கூட்டினால் வித்தியாசம் கரைந்துபோகும். மேலே கிடக்கும் சருகையும் சாணியையும் ஒதுக்கிவிட்டு எடுங்கள். கலந்ததை நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பங்கை வீசி, அரைக் கிலோ மிஞ்சும் வரை அப்படியே செய்யுங்கள். நிழலில் கடதாசியில் பரப்பி உலர்த்துங்கள். வெயிலில் போட வேண்டாம், பையைக் கட்டியபடி இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வைத்திருக்கவும் வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் பைக்குள்ளேயே நுண்ணுயிர்கள் வேலை செய்து தழைச்சத்தை மாற்றிவிடும்.

ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டியவை சேதனக் காபன், அமிலத்தன்மை, உப்புத்தன்மை, தழை, மணி, சாம்பல் சத்துகள், மணல்-வண்டல்-களி விகிதம். அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற இடங்களில் முதலே பேசி, எந்த முறையில் சோதிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

இறுக்கம். சிறிய குழாயைப் பலகை வைத்து மெதுவாக அடித்து இறக்கி, சுற்றித் தோண்டி வெளியே எடுத்து, இரு முனையையும் கத்தியால் மட்டமாக வெட்டுங்கள். 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி நிறுங்கள். 5 க்கு 5 குழாயின் கொள்ளளவு 98 கன சென்ரிமீற்றர். உலர்ந்த மண் 147 கிராம் என்றால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.5 கிராம். மணற்பாங்கான மண்ணில் 1.8ஐத் தாண்டினால் வேர் இறங்கத் திணறும், களி மண்ணில் 1.5ஐ நெருங்கும்போதே அந்த நிலை வந்துவிடும். செங்கபில மண்ணில் சரளைக் கல் சேர்ந்து வரும். கல்லை அரித்து எடுத்து, அதன் நிறையையும் கொள்ளளவையும் கழியுங்கள். இல்லாவிட்டால் கல்லின் பாரத்தை மாட்டின் குளம்பில் போட்டுப் பழி சொல்வீர்கள்.

இந்த அடர்த்தி இல்லாமல் காபன் கணக்கும் இல்லை. காபன் 1 வீதம், அடர்த்தி 1.4, ஆழம் 10 சென்ரிமீற்றர் என்றால் மூன்றையும் பெருக்க 14 வரும். ஹெக்டேயருக்கு 14 தொன். வீதத்தை மட்டும் எழுதி "காபன் கூடியது" என்று முடிப்பது அரைக் கணக்கு.

நீர் இறங்கும் வேகம். புல்லைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், பிடுங்கினால் வேர்த் துவாரத்தால் தண்ணீர் ஓடிவிடும். 15 சென்ரிமீற்றர் வளையத்தை 7 சென்ரிமீற்றர் இறக்கி, உள்ளே மெல்லிய பொலித்தீன் விரித்து, 442 மில்லிலீற்றர் ஊற்றி, பொலித்தீனை மெதுவாக இழுத்தெடுங்கள். அது 2.5 சென்ரிமீற்றர் மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். அது இறங்கியதும் இரண்டாவது முறை ஊற்றி, தண்ணீர் மறைந்து மேற்பரப்பு மினுமினுப்பது நிற்கும்வரை நேரம் பிடியுங்கள். ஒரு கோட்டில் மூன்று இடங்கள்.

முருங்கன் கருமண்ணில் ஒரு மாணவர் பங்குனியில் இதைச் செய்தார். ஊற்றிய தண்ணீர் எட்டுச் செக்கனில் காணாமல் போனது. "மிக நல்ல மண்" என்று எழுதினார். வளையத்தைத் தூக்கிப் பார்த்தோம். கீழே பெருவிரல் நுழையும் அகலத்தில் வெடிப்பு, தண்ணீர் அதற்குள் விழுந்திருந்தது. அந்த மண் நனைந்து ஊதி மூடிக்கொண்டபின் ஊற்றினால் மணிக்கணக்கில் நிற்கும். வெடிப்பு மண்ணில் இந்தச் சோதனையை மழைக்காலத்தின் கடைசியில், வெடிப்பு மூடியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

இன்னொன்று செலவே இல்லாதது. பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டிகள் சிலவற்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். வேரும் சேதனமும் பிணைத்த கட்டி அப்படியே இருக்கும். மிதிபட்டு வெறுமையான தரையின் கட்டி ஒரு நிமிடத்தில் பொடிந்து கலங்கும். அந்தப் பொடிதான் மழையில் மேற்பரப்பை மூடித் தண்ணீரை வாய்க்காலுக்கு அனுப்புகிறது. பட்டிக்காரர்களுக்கு அறிக்கையின் எண்ணைவிட இந்த இரண்டு கிளாஸும் உடனே விளங்கும்.

9. நீர்

மழையை நீங்களே அளவுங்கள். வன்னியில் ஒரு குளத்தின் கீழே கொட்டும்போது அடுத்த குளத்தில் வெயில் எறிக்கும். தொலைவிலுள்ள வானிலை நிலையத்தின் எண் உங்கள் தரவைக்குச் சரிவராது. ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 10,000 லீற்றர் தண்ணீர். இதைத் தெரிந்துகொண்டால் மேற்பரப்பில் ஓடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்கிடலாம்.

கிணற்று மட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, விடிய, மோட்டர் போடுமுன் எடுங்கள். கட்டின் மேல் ஒரு வண்ணக் கோடு போட்டு எப்போதும் அதிலிருந்தே அளவுங்கள். கட்டு உயரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பத்தில் ஒரு வருடத் தரவு வீணானதைக் கண்டிருக்கிறேன். உள்நாட்டுக் கடும்பாறைப் பகுதியில் கிணற்றுத் தண்ணீர் மேலே சிதைந்த படையில்தான் நிற்கும், கோடையில் வேகமாக இறங்கும். வடமேற்கில் சுண்ணக்கல், கரையோரத்தில் உப்பு ஏறும் பயம். ஆகவே கிணறுகளையும் ஒரே வகை நிலத்திலிருந்தே தெரிவு செய்யுங்கள்.

குளம், மடு, மோட்டை, துரவு எதுவானாலும் மாதிரியைக் காலையில், மாடு இறங்குமுன் எடுங்கள். எருமை உழக்கிய பிறகு எடுத்தால் அடிச்சேற்றைத்தான் அளப்பீர்கள். மாடு இறங்கியபின் என்ன ஆகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால் முன்னும் பின்னும் இரண்டும் எடுங்கள், நேரத்தை எழுதுங்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தல், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம். இந்த மூன்றில் ஒன்று முடியாவிட்டால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

உப்புத்தன்மை மீற்றருக்கு 1.5 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் மாட்டுக்கு மிக நல்ல தண்ணீர். 5 வரை குடிக்கலாம், ஆனால் பழக்கமில்லாத மாட்டுக்கு முதலில் வயிறு இளகலாம். ஆவணியில் வற்றிய மடுவின் மேல் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் படலம் கட்டினால் அது நச்சுப் பாசியாக இருக்கலாம். மானி நல்ல எண் காட்டினாலும் அன்றைக்கே பட்டிக்காரரிடம் சொல்லுங்கள், அறிக்கை வரும்வரை வைத்திருக்க வேண்டாம். மக்கள் குடிக்கும் கிணற்றில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கண்டாலும் அப்படியே.

10. புல்லும் மற்ற உயிர்களும்

நிலமூடல்தான் முதல் அளவு. சப்பாத்தின் முனையில் ஒரு கோடு கீறுங்கள். நேர்கோட்டில் நடந்து, ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்தக் கோட்டின் நேர் கீழே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: உயிர்ப்புல், சருகு, சாணி, கல், வெறும் மண். நூறு அடி வைத்தால் நூற்று வீதம் நேரே கிடைக்கும். கீழே பார்த்து அடி வைக்கக் கூடாது, புல்லைத் தேடிக் கால் தானாகப் போகும். தூரத்து மரத்தைப் பார்த்து நடவுங்கள்.

புல் நிறைக்குச் சதுரச் சட்டத்தைக் கோட்டில் 5 மீற்றருக்கு ஒன்றாக வைத்து, தரையோடு வெட்டி, 65 முதல் 70 பாகையில் இரண்டு நாள் உலர்த்தி நிறுங்கள். கிராமை 40ஆல் பெருக்கினால் ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ என்று வரும். 30 கிராம் என்றால் 1,200 கிலோ. அதில் பாதியை நிலத்துக்கு விட வேண்டும். மிச்சம் 600 கிலோ. 200 கிலோ நிறையுள்ள நாட்டு மாடு நாளொன்றுக்கு உலர்நிறையில் 5 முதல் 6 கிலோ தின்னும். ஆகவே அந்த ஹெக்டேயர் ஒரு மாட்டுக்கு 100 முதல் 120 நாள், பத்து மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். இதைப் பட்டிக்காரர் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருடைய அனுபவத்தோடு ஒத்துப்போகாவிட்டால் உங்கள் சட்டம் நல்ல புல்லில் மட்டும் விழுந்திருக்கிறது.

மாடு இல்லாவிட்டால் எவ்வளவு வளரும் என்று அறிய ஒரு துண்டுக்கு மூன்று அடைப்புக் கூடு வேண்டும், ஒவ்வொன்றும் 1 மீற்றர் சதுரம். கம்பிவலைக்குக் காசில்லாவிட்டால் விடத்தல் முள்ளால் அலம்பல் வேலி போதும். முள் வேலி நிழலும் சருகும் சேர்க்கும் என்பதால் அதை 2 மீற்றர் சதுரமாகக் கட்டி நடுவிலுள்ள 1 மீற்றரை மட்டும் அளவுங்கள்.

இனங்களை ஊர்ப் பெயரிலேயே எழுதி, ஒரு கொப்பைப் பத்திரிகைத் தாளில் அழுத்தி வைத்துப் பின்னர் தாவரவியல் பெயரைச் சேருங்கள். அறுகு, கோரை, தகரை, காவிளாய், தொட்டாற்சுருங்கி ஆகியவற்றின் பங்கு வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்பதுதான் முக்கியம். வெளியிலிருந்து வந்து பரவும் களையான பார்த்தீனியம் ஒரு செடி கண்டாலும் இடத்தைக் குறித்து, பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

உயிரினங்களுக்கு மூன்று எளிய வேலைகள். புதுச் சாணிக் குவியல் பத்தைக் குறித்து மறுநாள் கிளறி, வண்டுத் துளையை எண்ணுங்கள். 20 சென்ரிமீற்றர் கனக்குழி மண்ணை விரிப்பில் போட்டு மண்புழுவை எண்ணுங்கள், இது மாரியில் மட்டும். காலை ஏழு மணிக்கு முன் ஒரே புள்ளியில் பத்து நிமிடம் நின்று கண்ட, கேட்ட பறவைகளை எழுதுங்கள். உண்ணிக்கொக்கு மாட்டோடு வரும், ஆகவே அது தரையைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆள்காட்டி கூடு வைத்த இடம் கண்டால் குறியுங்கள், அது திறந்த தரையில் முட்டையிடும் பறவை.

கடைசியாகப் படம். ஒவ்வொரு முறையும் அதே கல்லின் மேல் நின்று, அதே உயரத்தில், அதே திசையில், காலை வெளிச்சத்தில் எடுங்கள்.

11. எழுதுமுன் திரும்பிப் போங்கள்

எண்கள் எல்லாம் வந்ததும் ஒரு பெரிய தாளில் தரவையின் படத்தைக் கையால் வரைந்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்றே எண்களை எழுதுங்கள்: வெறும் நிலம் எத்தனை வீதம், தண்ணீர் இறங்க எத்தனை நிமிடம், புல் எத்தனை கிலோ. அதைப் பட்டிக்கு எடுத்துப்போய் விரியுங்கள். ஒருமுறை எங்களுக்கு விளங்காத ஒரு துண்டின் எண்ணைக் கண்டு, "உதில மூண்டு வரியத்துக்கு முந்திச் சேனை வெட்டினவை" என்று ஒருவர் சொன்னார். சேனை என்பது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர். ஒரு மாதம் நாங்கள் தேடிய விளக்கம் அதுதான். அந்தத் துண்டைக் கணக்கிலிருந்து எடுத்தோம்.

படத்தின் ஒரு பிரதியையும், சீமெந்துக் கற்களுக்கும் மரங்களுக்கும் இடைப்பட்ட தூரங்களையும், மேய்ச்சல் கொப்பியையும் கால்நடை வளர்ப்போர் சங்கத்திடம் கொடுத்து வையுங்கள். மாணவர் மாறுவார், போன் தொலையும். அடுத்த தை மாதம் வேறொருவர் வந்தாலும் அதே கல்லிலிருந்து தொடங்க முடியும்.